பயண வவுச்சரில் இருந்து காபன் கணக்கு எடுப்பது எப்படி? பனை நட்டால் கழியுமா?

வவுச்சர்க்காரி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்குக் கிளையில் வேலை செய்கிறேன். கடமைப் பயணம் போய்வந்தவர்களின் வவுச்சர் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் காசாளரிடம் போகும். யார் எங்கே போனார், எதில் போனார், எங்கே தங்கினார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தப் பாவத்துக்கு இப்போது ஒரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது.

புதிதாகப் பசுமைக் குழு ஒன்று அமைத்திருக்கிறார்கள். ஆசிரியர்களும் அலுவலர்களும் செய்யும் பயணங்களால் வருடத்துக்கு எவ்வளவு காபன் வெளியேறுகிறது, அதை எப்படிக் குறைக்கலாம், மிச்சத்தை எப்படி ஈடுசெய்யலாம் என்று அடுத்த கூட்டத்துக்கு ஒரு அறிக்கை வேண்டுமாம். பல்கலைக்கழகங்கள் எவ்வளவு பசுமையானவை என்று பார்க்க இந்தோனேசியாப் பல்கலைக்கழகம் 2010 இல் தொடங்கிய கிரீன்மெற்றிக் தரவரிசையில் போக்குவரத்துக்கு மட்டும் 18 சதவீதப் புள்ளி இருக்கிறது. குழுவின் கண் அதில்தான். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. புள்ளிக்காகவேனும் கணக்குப் பார்க்கிறார்களே.

என்னிடம் இருப்பவை இவை. வாகனப் பிரிவின் ஓட்டப் பதிவேட்டில் புறப்பட்ட மீற்றர், திரும்பிய மீற்றர், அடித்த டீசல், போன இடம், காரணம் எல்லாம் சாரதி எழுதியிருப்பார். ஏறியவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் முக்கால்வாசி இடத்தில் ‘உத்தியோகத்தர்கள்’ என்று மட்டும் இருக்கும். ஒருவரா, ஆறு பேரா, தெரியாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு முகவர் தரும் பற்றுச்சீட்டு இருக்கிறது, வழித்தடம் தெளிவாக இருக்கும். சொந்தக் காரில் போனவர்கள் கிலோமீற்றர் எழுதித் தருவார்கள். ஏசி பஸ் ரிக்கற்தான் சோதனை. வெப்பத்தாளில் அச்சடித்த துண்டு, வவுச்சர் என்னிடம் வரும்போது வெள்ளைத் தாளாகிவிடும். அதன் மேல் பேனையால் தொகையை எழுதி, பக்கத்தில் ஒரு கையொப்பம். கணக்காய்வுக்கு வருபவர்கள் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைப் பார்க்க வேண்டும்.

இதில் நான் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொழும்புக்குப் பஸ்ஸில் போனால் ரிக்கற் வேண்டும், ரயிலில் போனால் ரிக்கற் வேண்டும், ஓட்டோவுக்குத் தனியே விளக்கம் எழுத வேண்டும். பல்கலைக்கழக வான் வண்டியில் போனால் ஒரு துண்டும் வேண்டாம், அனுமதிப் படிவத்தில் ஒரு கையொப்பம் போதும். அதோடு ரயில் இருக்கைகள் முப்பது நாளுக்கு முன்னால் திறக்கும், திறந்த கையோடு முடிந்துவிடும். கூட்ட அழைப்பு வருவதோ கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால். அப்புறம் வான்தான். இரண்டு மணித்தியாலக் கூட்டத்துக்கு 400 கிலோமீற்றர் போய், 400 கிலோமீற்றர் திரும்பி வருகிறது. அதே நாளில் பக்கத்துப் பீடத்தில் இருந்து இன்னொரு வானும் அதே ஏ-9 வீதியால் போய் வந்திருப்பது பதிவேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எனக்குத்தான் தெரியும்.

ஈடுசெய்வது பற்றிக் குழுவில் ஒருவரின் யோசனை: ஜூன் 5 சுற்றாடல் தினத்தன்று பனம்விதை நடுவது, படம் எடுப்பது, அத்தோடு ‘எங்கள் பயணத்தின் நிகர காபன் பூச்சியம்’ என்று அறிவிப்பது. கேட்டதும் எனக்கு ஏதோ உறுத்தியது, ஆனால் கூட்டத்தில் சொல்வதற்கு என் கையில் கணக்கு இல்லை. விதை எத்தனை, தொன் எத்தனை என்று ஒரு வாய்ப்பாடு உண்டா? இந்த வவுச்சர்களை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய எஞ்சின் எழுதியது:

பிள்ளை, முதலில் கிலோமீற்றரை ஒரு பக்கம் வைத்துவிட்டு லீற்றரைப் பிடியுங்கோ. நான் இயந்திரப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன், கொண்டாவிலில் இருக்கிறேன். சக்திக் கணக்காய்வு கொஞ்சம் செய்திருக்கிறேன்.

ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ காபனீரொட்சைட்டு. பெற்றோல் என்றால் 2.31 கிலோ. வான் பழசா புதுசா, ஏசி போட்டதா, கொடிகாமத்தில் நின்றதா என்பதெல்லாம் அந்த லீற்றருக்குள் அடங்கிவிடும். ஒரு லீற்றர் டீசல் ஒரு கிலோகூட நிறை இல்லை, அதில் இருந்து எப்படி இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும் என்று குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். எரியும்போது எரிபொருளில் இருக்கிற காபன் காற்றில் இருந்து ஒட்சிசனைச் சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு காபனுக்கு 32 பங்கு ஒட்சிசன். கூடுகிற நிறை அதுதான்.

உங்கள் கொழும்பு வானை எடுப்போம். போக வர 800 கிலோமீற்றர், லீற்றருக்குப் பத்து கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்தால் 80 லீற்றர். அது 214 கிலோ. ஒருவர் போனால் 214 கிலோவும் அவர் தலையில். நான்கு பேர் போனால் ஆளுக்கு 54. அதே தூரத்தை ஒரு பஸ் லீற்றருக்கு மூன்றரைக் கிலோமீற்றர் வீதம் ஓடினாலும் 45 பேர் ஏறியிருந்தால் ஆளுக்கு 14 கிலோகூட வராது. ‘உத்தியோகத்தர்கள்’ என்று எழுதுகிற அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணை எழுத வைத்தாலே உங்கள் அறிக்கையில் பாதி வேலை முடிந்துவிடும்.

வகை பிரிப்பதில் கவனம் வேண்டும். உலகம் முழுக்கப் பாவிக்கிற பசுமைக்குடில் வாயு நெறிமுறையின்படி பல்கலைக்கழகத்தின் சொந்த வாகனம் எரிக்கும் டீசல் ஸ்கோப் 1, அதாவது நேரடி வெளியேற்றம். பஸ், ரயில், விமானம், வாடகை வான் எல்லாம் மற்றவர் வாகனத்தால் வரும் மறைமுக வெளியேற்றம், ஸ்கோப் 3 இல் ஆறாவது வகை, அதாவது கடமைப் பயணம். வீட்டில் இருந்து வேலைக்கு வருவது ஏழாவது வகை. மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால் அடுத்த வருடம் எது கூடியது எது குறைந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

அந்த ஏழாவது வகை உங்கள் மேசைக்கு வராது, ஏனென்றால் அதற்கு வவுச்சர் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் வீடும் கிளிநொச்சி அறிவியல் நகரில் வேலையும் உள்ளவர்களை நினையுங்கோ. போக வர ஏறத்தாழ 140 கிலோமீற்றர், அதுவும் கிழமையில் ஐந்து நாள். தனியே காரில், லீற்றருக்குப் பன்னிரண்டு ஓடினால், ஒரு நாளைக்கு 27 கிலோ. நாற்பது பேர் ஏறிய பஸ்ஸில் போனால் ஆளுக்கு 2.7 கிலோ அளவு. வருடம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் வெளிநாட்டுப் பயணத்தை இது சாப்பிட்டுவிடும். ஒரு பக்கக் கேள்விக்கொத்து போதும்: எங்கே இருந்து, எதில், கிழமைக்கு எத்தனை நாள்.

விமானத்துக்கு இரண்டு வழி. சர்வதேச சிவில் விமான அமைப்பின் கணிப்பான் இணையத்தில் இலவசம், இரண்டு விமான நிலையத்தைக் கொடுத்தால் தொகையைத் தரும். ஆனால் அது காபனீரொட்சைட்டை மட்டும்தான் எண்ணும். உயரத்தில் விமானம் விடுகிற வெண்கோடுகளும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வேறு வெப்பத்தைக் கூட்டுகின்றன. இன்றைய ஆய்வுகளின்படி விமானப் போக்குவரத்து உண்டாக்கும் மொத்த வெப்பத்தில் காபனீரொட்சைட்டின் பங்கு மூன்றில் ஒன்று அளவுதான். பிரித்தானிய அரசு வருடாவருடம் வெளியிடும் மாற்றுக் காரணி அட்டவணையில் இதைச் சேர்த்தும் சேர்க்காமலும் தனித்தனியே கொடுத்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் எதை எடுத்தீர்கள் என்று தாளின் மேலே எழுதுங்கோ, அடுத்த வருடமும் அதையே எடுங்கோ.

முகவரின் பற்றுச்சீட்டில் வகுப்பையும் பாருங்கோ. நீண்ட தூரப் பறப்பில் பிஸ்னஸ் வகுப்பு இருக்கைக்குச் சாதாரண வகுப்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கணக்கு வரும், அது பிடிக்கிற இடம் அவ்வளவு. கொழும்பில் இருந்து லண்டன் சாதாரண வகுப்பில் போய் வந்தாலே காபனீரொட்சைட்டு மட்டும் ஒரு தொன் அளவில் வரும். இலங்கையில் ஆளுக்குச் சராசரி ஒரு வருடத்துக்கே அவ்வளவுதான்.

இன்னொன்று. தசம் போட்டு 143.27 தொன் என்று எழுதாதேங்கோ. அழிந்துபோன பஸ் ரிக்கற்றில் இருந்து எடுத்த கணக்குக்கு அவ்வளவு பவிசு வேண்டாம்.

மேசை விளக்கு எழுதியது:

மேலே ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் நான் ஒரு விரிவுரையாளர், விமானத்தில் கை வைப்பதற்கு முன் இதையும் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு இளம் விரிவுரையாளருக்கு வெளிநாட்டு மாநாடு என்பது பல வருடத்துக்கு ஒருமுறை கிடைப்பது. நிதி கேட்டு எழுதி, விடுப்பு அனுமதி வாங்கி, விசாவுக்குக் காத்திருந்து போகிறார். ஐரோப்பாவில் ஒரு பேராசிரியர் ஒரு பருவத்தில் பறப்பதை இவர் பத்து வருடத்தில் பறக்கமாட்டார். எல்லாருக்கும் ஒரே வெட்டு என்று சுற்றறிக்கை போட்டால் அது கடைசியில் நிற்பவரின் கழுத்தில்தான் விழும்.

கனடாவில் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தங்கள் ஆசிரியர்களின் பறப்பை வைத்து ஓர் ஆய்வு செய்து 2019 இல் வெளியிட்டார்கள். அதிகம் பறப்பவர்களின் ஆய்வுப் பெறுபேறு அதற்கேற்பக் கூடியிருக்கவில்லை. ஆனால் பறப்புக்கும் சம்பளத்துக்கும் தொடர்பு இருந்தது. எனக்கு அதில் விளங்குவது, மேலே இருப்பவர்கள் குறைத்தால் படிப்பு ஒன்றும் கெட்டுவிடாது என்பது. முதலாவது மாநாட்டுக்குப் போகிறவரை விட்டுவிட்டு, ஒரே வருடத்தில் மூன்றாவது முறை போகிறவரிடம் காரணம் கேளுங்கள். கேட்கிற துணிவு குழுவுக்கு இருக்குமா என்பது வேறு விஷயம்.

வழித்தடத்தையும் பாருங்கள். சென்னையில் ஒரு கருத்தரங்கு என்றால் எத்தனை பேர் இன்னும் பழைய பழக்கத்தில் வான் வண்டியில் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய் அங்கே இருந்து ஏறுகிறார்கள்? யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. இடையில் கொவிட் வந்து மூடி, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை திரும்பத் தொடங்கியது. 2025 இல் இருந்து திருச்சிக்கும் நேரே போகலாம். ஓடுவது சுழல்விசிறி பூட்டிய சின்ன ஏரிஆர் விமானம், குறுந்தூரத்தில் ஜெற்றை விட எரிபொருள் குறைவாகக் குடிப்பது. பறக்கும் தூரமும் குறைவு, வான் வண்டியில் வீதியால் போகும் 400 கிலோமீற்றரும் மிச்சம்.

கொழும்புக் கூட்டங்கள் பற்றி அக்கா சொன்னதற்கு நான் இரண்டு கையும் தூக்குகிறேன். 2020 இல், இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் இணைய வலையமைப்பு அவற்றுக்கு சூம் வசதியைச் செலவில்லாமல் கொடுத்தது. 2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற காலத்திலும் கூட்டங்கள் சூமில்தான் நடந்தன. தீர்மானங்கள் அப்போதும் நிறைவேறின, அறிக்கைகள் அப்போதும் போயின. டீசல் வந்ததும் கூட்டம் கொழும்புக்குத் திரும்பிவிட்டது. ஏன் என்று எவருக்கும் தெரியாது. கொழும்பில் வேறு அலுவல் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

வவுச்சர்க்காரி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. லீற்றர் வழியைப் பிடித்துவிட்டேன். இரண்டு ஓட்டப் பதிவேடுகள் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் எரிபொருள் நிலையத்தின் மாதாந்தப் பட்டியல் எங்கள் கிளையிலேயே இருக்கிறது. அதில் வாகன இலக்கத்தோடு லீற்றரும் உண்டு. பதிவேடு இல்லாவிட்டாலும் மொத்தம் கிடைத்துவிடும்.

சேர், நீங்கள் சொன்ன முதலாவது, மூன்றாவது மாநாட்டு வித்தியாசம் எனக்குப் பிடித்தது. அதைக் குழுவில் யார் வாயால் சொல்வது என்பதுதான் கேள்வி. நான் எழுதுவினைஞர். நான் அட்டவணை போடலாம், பெயர் இல்லாமல், தரம் வாரியாக. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பனை பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

சரசாலைக் கண்டல் எழுதியது:

நான் திறக்கிறேன். உவர்ச்சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் நடுகை, மற்ற மரநடுகைத் திட்டங்களில் களவேலை செய்பவள். ஊர் தென்மராட்சி.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஜூன் 5 இல் பனம்விதைக்கு எங்கே போவீர்கள்? பனம்பழம் விழுவது ஆவணி, புரட்டாதியில். வைகாசி கடைசியில் இருப்பது போன வருடத்து விதை, அதில் முளைக்கக்கூடியவை எல்லாம் பாத்தியில் முளைத்துக் கிழங்காகி எங்கள் வயிற்றுக்குள் போய்விட்டன. விதைக்குப் பதில் நிழல் மரக்கன்று நடலாம் என்பார்கள். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் மழை இல்லை. சோளகக் காற்று அடித்து நிலம் காய்ந்து கிடக்கும், ஐப்பசி மழை வரும்வரை ஒருவர் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். படம் எடுத்தவர்களில் யார் ஊற்றப்போகிறார்கள் என்று கூட்டத்திலேயே பெயர் கேளுங்கள்.

கணக்குக்கு வருவோம். நன்றாக வளர்ந்த ஒரு மரம் வருடத்துக்கு இருபது கிலோ அளவு காபனீரொட்சைட்டை எடுக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் ஐயா சொன்ன ஒரு லண்டன் பயணத்துக்கு வளர்ந்த மரம் ஐம்பது, ஒரு முழு வருடம் நிற்க வேண்டும். நீங்கள் நடுவது விதை. பனை பூக்கவே பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். விமானம் விட்ட காபன் இன்றே மேலே போய்விட்டது. இது வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்கப் பிள்ளைக்கு உண்டியல் வாங்கிக் கொடுப்பது போல.

சுனாமிக்குப் பிறகு எங்கள் நாட்டில் கண்டல் நட்ட கதை இருக்கிறது. 23 இடங்களில் நட்டதை ஆராய்ந்து 2017 இல் ஒரு கட்டுரை வந்தது. நட்டது 1000 முதல் 1200 ஹெக்டேயர். பிழைத்தது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடத்தில் ஒரு கன்றுகூட இல்லை. காரணங்களைப் பார்த்தால் புதிது ஒன்றும் கிடையாது: தவறான இடம், தண்ணீர் ஏறி இறங்கும் மட்டம் பொருந்தாமை, நட்டபின் பராமரிப்பு இல்லாமை, மாடு. எங்கள் பக்கத்திலும் நான் கண்டது அதுவேதான். களப்பில் கன்று நட வருபவர்கள் அலை வற்றிய நேரத்தில் வருவார்கள், ஏனென்றால் சப்பாத்து நனையாது. அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க மாலையில் எவரும் திரும்பி வரமாட்டார்கள். கண்டல் தானாக வராத இடத்தில் ஏன் வரவில்லை என்று கேட்காமல் நட்டால் அது நிற்காது. அடைபட்ட வாய்க்காலை வெட்டிவிட்டால் சில இடத்தில் ஒரு கன்றும் நடாமலே தானாக முளைக்கும்.

நடவேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டல் சேற்றுக்குள் சேர்த்து வைக்கும் காபன் பெரியது, நண்டு, இறாலுக்கும் அதுதான் வீடு. பனையும் நடுங்கள், ஆவணியில், வேலி போட்டு. ஆனால் அந்த எண்ணைப் பயணக் கணக்கில் இருந்து கழிக்காதீர்கள். தனித் தலைப்பில் எழுதுங்கள், அடுத்த வருடம் போய் எண்ணிப் பார்த்து உயிரோடு இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

கோச்சி ஏறி எழுதியது:

கொஞ்சம் புறம்பாகக் கேட்கிறேன். வேறு எங்கோ குறைத்த காபனுக்கான சான்றை, காபன் வரவு என்று சந்தையில் வாங்கலாம் என்கிறார்களே, ஒரு வரவு ஒரு தொன் என்று? காசைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்தானே. அல்லது மன்னார் தம்பபவனிக் காற்றாலை மாதிரி ஒன்றுக்குக் காசு கொடுத்தால் என்ன?

பழைய எஞ்சின் எழுதியது:

தம்பி, தம்பபவனி 2020 இல் இருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது, 103.5 மெகாவாற். நீங்கள் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது சுற்றும். உங்கள் காசு இல்லாவிட்டால் நடந்திருக்காத ஒன்றுக்குக் கொடுத்தால்தான் அது ஈடு. சந்தையில் விற்கிற வரவுகளில் பெரிய சிக்கலே இதுதான். 2023 இல் உலகின் மிகப் பெரிய சான்றளிப்பு அமைப்பான வெர்ராவின் மழைக்காட்டு வரவுகளில் பெரும்பாலானவை உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்று பத்திரிகை விசாரணை ஒன்று எழுதி, பெரிய அமளியாகப் போனது. எல்லா வரவும் போலி என்று அர்த்தம் இல்லை. இலங்கையிலும் காலநிலை நிதியம் நடத்தும் காபன் வரவுத் திட்டம் இருக்கிறது, வாங்குவதென்றால் அங்கே பதிவான திட்டத்தின் ஆவணத்தைக் கேட்டு வாசித்துவிட்டு வாங்கலாம்.

எனக்குப் பிடித்தது வேறு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் கடமைக்காக விமானம் ஏறும் ஒவ்வொரு பயணத்துக்கும் உள்நாடு என்றால் 9 டொலர், வெளிநாடு என்றால் 25 டொலர் என்று அறவிட்டு, அந்தக் காசை வளாகத்திலேயே சக்தி மிச்சம் பிடிக்கும் வேலைகளுக்குப் போட்டார்கள். காசு கண் முன்னால் நிற்கும். இங்கே என்றால் பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை, சைக்கிள் நிறுத்த நிழல், ஒவ்வொரு பீடத்திலும் காணொளிக் கூட்டத்துக்கு ஒழுங்கான ஒலிவாங்கி ஒன்று. சூமில் கூட்டம் வேண்டாம் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் சத்தம் விளங்காமல்தான் சொல்கிறார்கள். அதை ஈடு என்று சொல்லாதேங்கோ, குறைப்புச் செலவு என்று சொல்லுங்கோ.

காங்கேசன்துறை, நாகபட்டினம் கப்பலைப் பற்றி யாரும் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். கப்பல் என்றால் புகை குறைவு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. வேகமாக ஓடும் சின்னப் பயணிகள் கப்பல் ஆளுக்குக் குடிக்கிற எண்ணெய் குறைவானது அல்ல. ஆள் நிரம்பிப் போகிறதா என்று பார்த்துத்தான் சொல்லலாம்.

வவுச்சர்க்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாளில் இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன். பயணத்துக்கு ஒரு பக்கம், மரத்துக்கு வேறு பக்கம், இடையில் கழித்தல் குறி கிடையாது. அனுமதிப் படிவத்தில் வானுக்குக் கையொப்பம் போடும் இடத்துக்கு மேலே மூன்று கேள்வி: சூமில் முடியாதா, அதே நாளில் வேறு பீடத்து வாகனம் போகிறதா, ஏறுவோர் எத்தனை பேர். வருடத்தின் கூட்ட நாள்களை தை மாதத்திலேயே கேட்டு வாங்கி ரயில் திறக்கும் நாளில் பதிவது. பஸ் ரிக்கற்றைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அன்றே அனுப்பினால் ஏற்பது. கடைசி ஒன்றை நிதியாளர் ஏற்கெனவே தலையாட்டிவிட்டார், அவருக்கும் அந்த வெள்ளைத் துண்டுகள் அலுத்துவிட்டன.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. நேற்று வாகனப் பிரிவுக்குப் போனபோது ஒரு சாரதி அண்ணை கேட்டார்: ‘தங்கச்சி, கொழும்பு ஓட்டத்தைக் குறைத்தால் எங்கட ஓவர்ரைம்?’ அவர்களின் மாதச் சம்பளத்தில் கொழும்பு ஓட்டத்தின் மேலதிக நேரமும் படியும் சின்னத் தொகை இல்லை, அதுவும் என் மேசையால்தான் போகிறது. அறிக்கையில் காபன் குறைவதற்குக் கட்டம் இருக்கிறது. இதற்குக் கட்டம் இல்லை. இதை எப்படிச் செய்தார்கள் என்று எங்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பழைய எஞ்சின் எழுதியது:

அந்த அண்ணை கேட்டது நியாயம், பிள்ளை. வேறு இடத்தில் எப்படிச் செய்தார்கள் என்பதை விட உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கோ. அறிவியல் நகருக்குக் காரில் தனித்தனியே போகிறவர்களை ஏற்ற இன்னும் இரண்டு ஓட்டம் வேண்டிவரும், விடியவும் பின்னேரமும். அது நாளாந்தம் வருகிற வேலை, கொழும்பு ஓட்டம் போல வந்தால் வரும் வராவிட்டால் இல்லை என்கிற வேலை அல்ல. அந்த ஓட்டங்களை வெளியாருக்கு ஒப்பந்தம் கொடுக்காமல் உங்கள் சாரதிகளுக்கே கொடுக்கச் சொல்லி அதே தாளில் எழுதுங்கோ. மேலதிக நேரம் எவ்வளவு வரும் என்று நீங்களே கூட்டிப் பார்த்து, கூட்டத்துக்கு முதல் அவர்களிடம் ஒருமுறை காட்டுங்கோ.